நாலு பேர் காணும்

நீலாம்பரி ஹோட்டலில் பதினொரு நாட்களாக ஒரு தலையணையிலும் தலை படவில்லை. அப்படியிருந்தும் வினிபிரட் தினமும் காலை ஏழு மணிக்கு மூன்று மாடியும் ஏறி இறங்கி, இருபத்திரண்டு அறைகளையும் திறந்து, யாரும் படுக்காத கட்டில்களின் விரிப்புகளை உதறிப் போட்டு, யாரும் தொடாத துவாய்களைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு வந்தாள். கேட்டால், பூட்டி வைத்தால் அறை புழுங்கி நாறும் என்பாள். உண்மை அதுவல்ல. சும்மா இருப்பதை முதலாளி கண்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

யுத்தம் முடிந்த கையோடு கொழும்புச் சனம் பஸ் பஸ்ஸாக யாழ்ப்பாணம் பார்க்க வந்த காலத்தில், கண்டி வீதியில் அரியாலைக்குக் கிட்ட முதலாளி நமசிவாயம் கட்டிய ஹோட்டல் அது. ஒரு நேரம் இருபத்தேழு பேர் வேலை செய்தார்கள். பிறகு கொழும்பில் குண்டு வெடித்தது, வெள்ளைக்காரர் வரவில்லை. பிறகு கொரோனா, ஒருவருமே வரவில்லை. சரி தப்பிவிட்டோம் என்று மூச்சு விடப் பார்த்தால் இந்த 2022 வந்து நின்றது. ரூபாய் விழுந்தது, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு அறை கேட்டு வருடாவருடம் அடிபடுகிற சனம், இந்த முறை எண்ணெய்க்கு வரிசையில் நின்றே களைத்துப்போய் வீட்டில் இருந்தது. கடையில் விற்காத சீனியை அடுத்த மாதம் விற்கலாம். ஹோட்டலில் விற்காத இரவை எந்தக் கொம்பனாலும் விற்க முடியாது. ஆனால் அந்த இரவுக்கும் வங்கி வட்டி எடுத்தது, அதுவும் இருபத்தெட்டு வீதம்.

இருபத்தேழு பேர் பதினொரு பேரானார்கள். அந்தப் பதினொரு பேருக்கும் சம்பளம் என்று வருவது ஒப்புக்குத்தான். பில்லில் நூற்றுக்குப் பத்து சேர்விஸ் சார்ஜ் என்று சேர்ப்பார்களே, அதை மாதக் கடைசியில் பிரித்து எடுத்தால்தான் வீடுகளில் அடுப்பு எரியும். விருந்தாளி இல்லையென்றால் பில் இல்லை, பில் இல்லையென்றால் பிரிக்க ஒன்றுமில்லை. வினிபிரட்டின் மகள் அனுஜா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். புருசன் கிளரன்ஸ் செத்து ஒன்பது வருடம். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலிஷும் பத்து வருட அறைவேலையும்தான் அவளுடைய சொத்து. ஐம்பத்துமூன்று வயதில் அந்தச் சொத்தை வாங்க வேறு யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

புரட்டாதியில் ஒருநாள் மனேஜர் றோகான் எல்லாரையும் குசினிக்குள் கூப்பிட்டான். முப்பத்தைந்து வயதுக்காரன். வினிபிரட் அவனை விருந்தாளிகளுக்கு முன்னால் சேர் என்றும் குசினிக்குள் தம்பி என்றும் கூப்பிடுவாள்.

“முதலாளி விக்கப்போறார்,” என்றான். “லண்டனிலை பெற்றோல் செட் வைச்சிருக்கிற செந்தூரன் எண்டவர். வெள்ளிக்கிழமை வந்து ரெண்டு நாள் இஞ்சை தங்கிப் பாப்பார். ஹோட்டல் ஓடினா ஹோட்டலாவே எடுப்பார். ஓடாட்டி இடிச்சுப்போட்டு மாபிள் கல்லு விக்கிற ஸ்ரோர் போடுவாராம்.”

சமையல்காரர் யாகப்பு விறகடுப்பை ஊதுவதை நிறுத்தாமலே, “அப்ப மாபிள்தான்,” என்றார்.

அறை கூட்டுகிற உதயகலா அழத் தொடங்கினாள். இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள், புருசன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம். அவளுக்கு வேலை பழக்கியது வினிபிரட். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகிறவர்கள்.

“அழாதை பிள்ளை,” என்ற வினிபிரட் றோகானைப் பார்த்தாள். “அறை நிரம்பினாத்தானே தம்பி ஓடுற மாதிரித் தெரியும்? நாங்களே தங்குவம்.”

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. திட்டம் இதுதான். நாலு பேர் வேலைக்கு நிற்பது: றோகான், வரவேற்பு மேசையில் லவீனா, குசினியில் யாகப்பு, சாப்பாடு பரிமாறவும் அறை கூட்டவும் கோபிசங்கர். மற்ற ஏழு பேரும் தங்கள் தங்கள் குடும்பங்களோடும் சொந்தபந்தங்களோடும் இருபத்திரண்டில் பதினெட்டு அறைகளில் விருந்தாளிகளாக இறங்குவது.

“பிறகு நாங்கள் இஞ்சை வேலை செய்யேக்கை கண்டா அவருக்கு அடையாளம் தெரியாதோ அக்கா?” என்று உதயகலா கேட்டாள்.

“எந்த முதலாளி அறை கூட்டுறவளின்ரை முகத்தைப் பாத்தவன்? வருசத்திலை ஒருக்கா வருவார், சாப்பிடுவார், போவார்.”

திட்டத்துக்கு எண்ணெய் வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேற்றர் ஓடவேண்டும், விருந்தாளிக்கு இறைச்சி வேண்டும், மீன் வேண்டும். திட்டத்தைக் கேட்டுச் சம்மதித்த நமசிவாயம் தன் பொக்கற்றைத் தொடவே இல்லை. ஆடி ஆவணியில் சேர்ந்து, இன்னும் பிரிக்காமல் கிடந்த கொஞ்ச சேர்விஸ் சார்ஜை எல்லாருமாகச் சேர்ந்து டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுக்கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை நமசிவாயம் தானே வந்தார். கையில் ஏழு கடதாசி. சம்பளப் பட்டியலில் பதினொரு பேரும் கண்ணுக்கு நாலு பேரும் என்றால் வாங்குகிறவன் கேட்பான்தானே என்றார். ஏழு பேரும் ஆனியிலேயே வேலையை விட்டுவிட்டார்கள், அவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் பாக்கியில்லை என்று எழுதியிருந்தது. மனிதர் அதை நீட்டிய விதத்தைப் பார்த்தால் பிரசாதம் கொடுக்கிறார் என்று நினைப்பீர்கள்.

உதயகலா பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஆறு வருசம் வேலை செய்ததுக்கு வருசக்காசு வரவேணும் அக்கா.”

“ஹோட்டல் நிண்டாத்தானே பிள்ளை காசு. வித்து முடிய றோகான் தம்பி எங்களை ஒவ்வொருத்தரா உள்ளுக்கு எடுப்பார். நான் சொல்லுறன்.”

சொன்னதோடு நிற்காமல், தன் கையெழுத்தை முதலில் வைத்தாள். பிறகு மற்ற ஆறு பேரும் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நீலாம்பரி நிறைந்துவிட்டது. உதயகலா வவுனியாவிலிருந்து வந்த வங்கி அதிகாரியின் மனைவி. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் அம்மா ஆறு வருடம் விரித்த கட்டிலில் முதல்முறையாக ஏறிக் குதித்தன. தோட்டக்காரர் தியாகராசா கொழும்பு வியாபாரி. அவருடைய மனைவி பூரணம் நகையில்லாமல் எப்படி வியாபாரியின் மனைவி என்று பிடிவாதம் பிடித்து, ஊரெல்லாம் அலைந்து நாலு கவரிங் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வினிபிரட் கனடா அன்ரி. ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி விட்டுப்போன கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின.

செந்தூரன் வந்தான். நாற்பது வயது இருக்கும், அமைதியான ஆள். எல்லாருக்கும் தலையசைத்தான். யாரையும் உற்றுப் பார்க்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு அறையில் உதயகலாவின் சின்னவன் தண்ணீர்க் கிளாசைத் தட்டி உடைத்தான். வங்கி அதிகாரியின் மனைவி கண்ணை மூடித் திறப்பதற்குள் கதிரையை விட்டு இறங்கிக் குந்தி, துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பதினெட்டு மேசையும் மூச்சை அடக்கிக்கொண்டது. வினிபிரட்தான் விரலைச் சொடுக்கினாள்.

“எக்ஸ்கியூஸ் மீ. உந்தக் கண்ணாடியை அள்ள இஞ்சை ஆள் இல்லையோ? அவாவை ஏன் குனிய விட்டுட்டு நிக்கிறீர்?”

கோபிசங்கர் ஓடி வந்தான். விடியற்காலையிலிருந்து பதினெட்டு அறைக்கும் தண்ணீரும் துவாயும் பெட்டியும் சுமந்து அவனுடைய கால் வீங்கியிருந்தது. பத்து வருடம் அவளோடு ஒரே சட்டியில் சோறு தின்றவன். “சொறி மேடம்,” என்று சொல்லி முழந்தாளில் நின்று துடைத்தான். “அந்த மூலையிலும்,” என்றாள் வினிபிரட். சும்மா சொல்லக்கூடாது, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் காலை செந்தூரன் தன் தேத்தண்ணியோடு அவளுடைய மேசைக்கு வந்தான்.

“இருக்கலாமோ அன்ரி? எத்தினை நாளா நிக்கிறியள்?”

“பத்து நாள் தம்பி. நான் ஒவ்வொரு வருசமும் வாறனான். வேறை இடத்துக்குப் போறேல்லை.”

“ஹோட்டல் நிரம்பி வழியுது. வேலைக்கு நாலு பேர்தான் கண்ணிலை படினம். காணுமோ?”

வினிபிரட் ஒரு கணம் யோசித்தாள். காணாது, ஆள் போதாது என்றால் ஹோட்டலில் குறை இருக்கிறது என்று ஆகிவிடும். குறை இருந்தால் வாங்கமாட்டான். வாங்காவிட்டால் மாபிள் ஸ்ரோர். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை மாதிரி அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“நாலு பேர் காணும் தம்பி. கொழும்பிலை பெரிய ஹோட்டலுகளிலை பாருங்கோ, ஆளுக்கு ஆள் முட்டுப்பட்டுக்கொண்டு நிப்பினம், ஒரு தேத்தண்ணி வராது. இஞ்சை நாலே நாலு பேர். கூப்பிடமுதல் வந்து நிப்பினம். இன்னும் ரெண்டு பேரைப் போட்டியள் எண்டா உள்ளதும் கெட்டுப்போம்.”

செந்தூரன் சிரித்துவிட்டுக் கைத்தொலைபேசியில் ஏதோ எழுதிக்கொண்டான். பக்கத்து மேசையில் உதயகலா அக்காவின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தாள்.

ஐப்பசி நடுவில் விற்பனை உறுதி எழுதி முடிந்தது. ஹோட்டல் ஹோட்டலாகவே கைமாறியது. யாகப்பு கேசரி கிண்டினார். ஏழு பேரும் பின்வாசல் வழியாக வந்து தின்றுவிட்டு, றோகான் எப்போது கூப்பிடுவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். ஒரு கிழமை போயிற்று. இரண்டாவது கிழமை வினிபிரட் பொறுக்கமாட்டாமல் றோகானைத் தேடிப் போனாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல், புது முதலாளி செந்தூரன் அனுப்பிய குரல்பதிவைப் போட்டுக் காட்டினான்.

“றோகான், புது ஆக்கள் ஒருத்தரும் வேண்டாம். பதினெட்டு அறை நிரம்பினபோதே நாலு பேர் சமாளிச்சனீங்கள். நான் சும்மா சொல்லேல்லை. தங்கியிருந்த கனடா அன்ரியே சொன்னவா, கூடப் போட்டா உள்ளதும் கெட்டுப்போம் எண்டு. உமக்கு ஏலாதெண்டா சொல்லும், ஏலுமான மனேஜரைப் பாப்பம்.”

அவன் அதை இரண்டாம் முறை போடப்போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். தன் வாயாலேயே தன் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது விளங்கியதும் அவள் விறாந்தைக் கதிரையில் போய் இருந்துவிட்டாள். அவளோடு போயிருந்தால் பரவாயில்லை. மற்ற ஆறு பேரையும் கையெழுத்து வைக்கச் சொன்னதும் அவள்தான். உதயகலா பிள்ளைகளுக்கு இரண்டு நேரச் சாப்பாட்டை ஒரு நேரமாக்கிவிட்டாள் என்று அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தாள்.

உறுதி எழுத வந்த செந்தூரன் லண்டனுக்குத் திரும்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. மேல்மாடியில்தான் தங்கியிருந்தான். போய் உண்மையைச் சொல்வது என்று வினிபிரட் முடிவெடுத்தாள். தன்னை விட்டாலும் பரவாயில்லை, உதயகலாவை மட்டுமாவது எடுக்கச் சொல்லிக் கேட்பது. அதைக் கேள்விப்பட்ட உதயகலாவும் கூடவே வந்து கேற்றடியில் நின்றாள். வினிபிரட் பழைய கொட்டன் சேலையோடு படியேறினாள், கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.

செந்தூரன் கதவைத் திறந்ததும், “வாங்கோ அன்ரி,” என்றான். ஆச்சரியப்படவே இல்லை. இருக்கச் சொல்லித் தானே தேத்தண்ணியும் ஊற்றினான்.

“தம்பி, நான் கனடா இல்லை. நான் இஞ்சை…”

“தெரியும்,” என்றான். “என்ரை அம்மா லண்டனிலை பதினெட்டு வருசம் ஹோட்டல் அறை கூட்டினவா. காசு குடுத்துத் தங்கிறவன் சாப்பிட்ட பீங்கானை அப்பிடியே தள்ளி விட்டிட்டு எழும்புவான். முதல் நாள் இரவு இஞ்சை அத்தினை மேசையிலையும் பீங்கான் ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கி, கரண்டி எல்லாம் ஒரு பக்கம் திருப்பி வைச்சுக் கிடந்தது. அந்த இடத்திலையே விளங்கீட்டுது.”

வினிபிரட் கதிரையின் நுனிக்கு நகர்ந்து இருந்தாள்.

“அதாலைதான் ரெண்டு கோடி குறைச்சுக் கேட்டனான். வெறும் ஹோட்டல் எண்டு எனக்குத் தெரியும் எண்டது நமசிவாயத்தாருக்கும் விளங்கினது, அவர் மறுகதை கதைக்கேல்லை. பதினொரு பேரோடை வாங்கியிருந்தா உங்கடை வருசக்காசெல்லாம் என்ரை தலையிலை வந்திருக்கும். நீங்களே கையெழுத்து வைச்சுக் கழிச்சு விட்டியள்.” குரல் உயரவில்லை. சீனி போட்டுக் கலக்கி அவளுக்கு முன்னால் வைத்தான். “குடியுங்கோ, ஆறப்போகுது.”

“தெரிஞ்சுகொண்டே ஏன் தம்பி என்னட்டைக் கேட்டியள், நாலு பேர் காணுமோ எண்டு?”

“எவ்வளவு தூரம் போவியள் எண்டு பாத்தனான்.”

அவள் குனிந்து கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். அவமானம் காது வரை சுட்டது. எழும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதையை இவ்வளவு கசப்போடு சொல்ல வேண்டியிருக்காது.

“ஆனா உங்களிலை பிழை சொல்லேலாது,” என்றான் செந்தூரன். “கெட்டித்தனமான வேலைதான். மார்கழிக்குக் கொஞ்சம் சனம் வரும்போலை கிடக்கு. ஐஞ்சாவதா ஒரே ஒரு ஆளை எடுக்கலாம். அறை கூட்டவேணும், துணி தோய்க்கவேணும். பழைய சம்பளத்திலை பாதி. உங்கடை ஏழு பேரையும் எனக்குத் தெரியாது. ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

உதயகலா என்ற பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்காகத்தான் படியேறி வந்தாள். யன்னலால் பார்த்தால் கேற்றடியில் அவள் நிற்பதும் தெரிந்தது, கையில் ஏதோ பையோடு. அவளுக்கு இளம் வயது, எங்கேயாவது ஒரு வேலை கிடைக்கும் என்று வினிபிரட்டின் மனம் கணக்குப் போட்டது. அனுஜாவுக்கு இன்னும் எட்டு மாதம்தான், எட்டு மாதம் தாண்டினால் போதும் என்று இன்னொரு கணக்குப் போட்டது. கணக்குப் போடத் தொடங்கினாலே தெரிந்துவிடும், விடை முன்கூட்டியே வந்துவிட்டது என்று.

“நான் செய்யிறன் தம்பி,” என்றாள்.

“சேர்,” என்றான் செந்தூரன்.

“நான் செய்யிறன் சேர்.”

கேற்றடியில் உதயகலா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வினிபிரட் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“ஒருத்தருக்கும் இல்லையாம் பிள்ளை. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தன்.”

உதயகலா அழுகையை அடக்கிக்கொண்டு வினிபிரட்டின் கையைப் பிடித்தாள். “நீங்கள் கதைச்சனீங்கள்தானே அக்கா. அது காணும். உங்களுக்கும்தானே வேலை போச்சு.” பையை நீட்டினாள். வளவில் காய்த்த முருங்கைக்காயும் இரண்டு தேங்காயும் இருந்தன. “அனுஜாவுக்குக் காசு அனுப்பவேணும் எண்டு சொன்னியள். கறிக்காசெண்டாலும் மிஞ்சட்டும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வினிபிரட் வாங்கிக்கொண்டாள். அந்த முருங்கைக்காயை அவள் மூன்று நாள் கறி வைத்துத் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

திங்கட்கிழமை விடிய, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு முந்திய பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கிழமை அப்படியே ஓடியது. பழைய ஆறு பேரில் ஒருவரும் எதிரில் படவில்லை. கோபிசங்கர் அவளோடு கதைப்பதில்லை, யாகப்பு சோற்றைப் போட்டுவிட்டு மற்றப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அடுத்த திங்கள் லண்டனிலிருந்து கட்டளை வந்தது. ஹோட்டல் சாமான் எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும், வேலையை விட்டவர்களிடம் இருக்கும் சீருடைகளைத் திருப்பி வாங்கவேண்டும், பொறுப்பு வினிபிரட். லவீனா ஆறு பேருக்கும் ரெலிபோன் எடுத்தாள். யாரிடம் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மற்றவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உதயகலா தானே வந்தாள். புதன்கிழமை பத்து மணிக்கு, மூன்று சோடியையும் தோய்த்து, கரிப்பெட்டியால் சுருக்கமில்லாமல் அழுத்தி, பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது வினிபிரட். நீலச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயர்த் தகடு. இடது கையில் பட்டியல், வலது கையில் பேனை.

உதயகலா அவளைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள். வினிபிரட்தான் ஏதோ சொல்லத் தொடங்கினாள், எட்டு மாதம் மட்டும் என்றோ என்னவோ. உதயகலா அதற்குக் காத்திருக்காமல் பார்சலை மேசையில் வைத்துக் கடதாசியைப் பிரித்தாள்.

“மூண்டு சோடி,” என்றாள். “எண்ணிப் பாத்து எடுங்கோ மேடம்.”

வினிபிரட் எண்ணினாள். மூன்றும் சரியாக இருந்தது. பட்டியலில் உதயகலாவின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டு, கையெழுத்து வைக்கும்படி பேனையை அவளிடம் நீட்டினாள்.